‘நம்ம வூடு’ என்று சொல்லிவிட்டு

நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு வீடு மூடப்பட்டது. அந்த வீட்டில்தான் என் தங்கை இருந்தாள்.

முதலிலேயே சொல்லிவிட்டேன். இத்தோடு நீங்கள் எழுந்து போனாலும் எனக்கு வருத்தமில்லை. சுற்றி வளைத்துப் பேசி, சிரிக்க வைத்து, கடைசியில் விஷயத்துக்கு வருவதில் நான் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டிருக்கிறது. இன்றைக்கு அது வேண்டாம்.

என் பெயர் அலமேலு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜமுனாமரத்தூரில் பஸ் வந்து திரும்புகிற இடத்துக்கு எதிரே கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுப்பேன், ஆன்லைனில் விண்ணப்பம் போடுவேன், வருமான வரிக் கணக்கும் போட்டுத் தருவேன். என் படிப்பு பத்தாவதோடு நின்றுபோனது. வரிச் சட்டத்தை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. செல்போனில் வீடியோ பார்த்தும், ஆலங்காயத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ் குமாஸ்தாவிடம் வெட்கமில்லாமல் கேட்டுக் கேட்டும் கற்றுக்கொண்டேன்.

எங்கள் மலையில் வருமான வரி கட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். சாமை விதைத்து, புளி உலுக்கி, பலாப்பழம் ஏற்றிவிட்டுப் பிழைக்கிற என் சனத்துக்கு அந்த வரியோடு சம்பந்தம் இல்லை. கட்டுகிறவர்கள் எல்லாம் கீழேயிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஆசிரியர்கள், நர்சுகள், பேங்க்காரர்கள். அவர்களில் பாதிப்பேருக்கு மேல் என் கடைக்குத்தான் வருவார்கள். வேலை சுத்தமாக இருக்கும், கூடவே பேச்சும் கிடைக்கும்.

பேச்சென்றால் எனக்கு உயிர். அதிலும் அடுத்தவர் வாயிலிருந்து விழுகிற பேச்சை அப்படியே பொறுக்கி வைத்துக்கொள்வேன். காட்டிலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற புதூர்நாட்டுப் பெரியவர் ஒருவர், பென்ஷனுக்கு உயிரோடு இருப்பதாகச் சான்று எடுக்க வந்தார். எத்தனை முறை வைத்தாலும் விரல் ரேகை பதியவில்லை. “மிசினு என்னச் செத்தவன்னு சொல்லுது தாயி. அது கெடக்குது. நீ எழுது, இவன் உசுரோட கீறான்னு” என்றார். அன்று முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

சிரித்தேன்… இப்போது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தால் சிரிக்க முடிவதில்லை. ஏனென்று போகப் போகத் தெரியும்.

என் வாயில் அடிக்கடி வருகிற சொல் ஒன்று உண்டு. ‘நம்ம.’ நம்ம ஸ்கூலு, நம்ம நர்சம்மா, நம்ம பஸ்ஸு, நம்ம கலெக்டரு. பார்த்தே இராதவரைக்கூட ‘நம்ம ஆளு’ என்றுதான் சொல்வேன். கணக்குப் போட உட்காருகிறவரிடம் நான் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான். “நம்மளுது எதுக்காச்சும் குடுத்தீங்களா சார்?”

நன்கொடையைத்தான் அப்படிக் கேட்பேன். பதிவு செய்து, வரி அலுவலகத்தில் அனுமதி வாங்கிய அறக்கட்டளைக்கு நீங்கள் பணம் கொடுத்தால், பொதுவாகக் கொடுத்ததில் பாதியை உங்கள் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பழைய வரி முறையில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் இது. புது முறைக்குப் போய்விட்டால் இந்தக் கழிவு கிடையாது. எங்கள் மலை ஆசிரியர்களில் வீட்டுக் கடன் கட்டுகிற பலர் இன்னும் பழைய முறையில்தான் இருந்தார்கள்.

இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். யோசித்துப் பாருங்கள். உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கிற வரி எங்கே போகிறதென்று உங்களுக்குத் தெரியுமா? ரோட்டுக்கா, ராணுவத்துக்கா, எவருடைய பங்களாவுக்கா? யாரும் உங்களைக் கேட்பதில்லை. அந்தப் பெரிய வெள்ளத்தில் ஒரு செம்பு தண்ணீரை மட்டும் ‘இதை இந்தப் பக்கம் விடுங்கள்’ என்று நீங்கள் கைகாட்டலாம். அந்த ஒரு செம்பு இதுதான்.

அதை எந்தப் பக்கம் விடுவது என்று கேட்கிற இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது என் தங்கை.

பவுனு என் கடைசித் தங்கை. எங்கள் ஊர் இங்கிருந்து தூரம், புதூர்நாட்டுப் பக்கம். வாணியம்பாடியில் செருப்புக் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போனவள், அங்கே ஜோதி என்கிற பெண்ணோடு ஒரே அறையில் இருந்தாள். கல்யாணம் பேசப்போனபோது, “நான் ஜோதிகூடத்தான் இருப்பேன். எனக்கு ஆம்பள வேணாம்” என்று சொல்லிவிட்டாள். ஒளிக்கத் தெரியாதவள். சமைந்த வயதிலிருந்தே அப்படித்தான்.

எங்கள் அண்ணன் அவள் கையை முறித்தான். கோபத்தில் பட்டுவிட்டது என்று நான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். படவில்லை. பிடித்து முறுக்கி முறித்தான். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே அவள் இறங்கிப் போனாள். ஊரில் கேட்டவர்களிடம் அண்ணன் ஒரு பதில் சொன்னான். “திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிருக்கா.” நானும் அதையே சொன்னேன். ஊர்க்கூட்டம் போட்டால் குடும்பத்தையே தள்ளி வைத்துவிடுவார்கள் என்று பயம். யார் கேட்டாலும் திருப்பூர். எந்தத் தெரு, எந்தக் கம்பெனி என்று கேட்டால் அதற்கும் ஒரு கதை வைத்திருந்தேன். என் வாய்க்குக் கதை கட்டச் சொல்லித்தர வேண்டுமா?

உண்மையில் அவளும் ஜோதியும் இருந்தது ஆலங்காயத்தில், ஒரு வாடகை வீட்டில். மேகலா என்கிற திருநங்கை நடத்துகிற சிறிய அறக்கட்டளையின் வீடு அது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் வந்து தங்கலாம். திருநங்கைகள், திருநம்பிகள், ஆணை விரும்புகிற ஆண்கள், பெண்ணை விரும்புகிற என் தங்கை மாதிரிப் பெண்கள். திருநங்கையைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடவாவது, காசு கொடுத்து விரட்டவாவது நம் சனத்துக்குத் தெரியும். என் தங்கையை என்ன சொல்லிக் கூப்பிடுவதென்றுகூட எங்கள் மலையில் ஒரு சொல் கிடையாது. திட்டுவதற்கும் இல்லை. சொல் இல்லாததால்தான் கையை முறித்தானோ?

இல்லை. நான் மறுபடி அண்ணனுக்குச் சமாதானம் கட்டுகிறேன். விடுங்கள்.

மேகலா முதன்முதலாக என் கடைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. அவர்கள் அறக்கட்டளைக்கு வரிக்கழிவு அனுமதி புதிதாக வந்திருந்தது. உறை போட்ட ரசீதுப் புத்தகத்தைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

“கைதட்டிக் கேட்டா பிச்சைன்றாங்கக்கா. இப்ப ரசீது குடுத்துக் கேக்கறோம். இன்னா சொல்வாங்க பாக்கலாம்.”

பிறகு அவளே சொன்னாள். “நாங்க வாங்கற சோப்புலயும் சீப்புலயும் வரி கட்டிக்கினுதான கீறோம்? எங்களுக்கு அதுல இன்னா திரும்பி வருது? அதான் கேக்கறேன். உங்ககிட்ட வர்ற சாருங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்களாம். பவுனு சொல்லிச்சி.”

சொன்னேன். அந்த வருடம் உண்மையாகவே சொன்னேன். ‘வீட்டை விட்டுத் துரத்தினவங்களுக்குச் சோறு போடற எடம் சார்’ என்றேன். பாதிப்பேர் முகம் சுளித்தார்கள். ஒரு டீச்சர், “அவங்களுக்கு எதுக்குங்க, நல்லாத்தான சம்பாதிக்கறாங்க” என்றார். ஆனாலும் சிலர் கொடுத்தார்கள். தலைமையாசிரியர் குப்புசாமி சார் கொடுத்தார், அவர் கொடுத்ததைப் பார்த்து அவர் பள்ளிக்கூடத்தில் மற்றவர்களும் கொடுத்தார்கள். சார் போளூர்ப் பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். வெற்றிலை போடுவார், கேட்டதற்குப் பதில் சொல்வார்.

அந்தப் பணம் வாடகைக்கு ஆயிற்று. கோர்ட் இதெல்லாம் குற்றமில்லை என்று சொல்லிவிட்டது, சரி. ஆனால் இவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடு என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லையே. அந்த வீட்டுக்காரர் வாடகை தவறாத வரைக்கும் வாயைத் திறக்கமாட்டார். அவ்வளவுதான் அந்த வீட்டின் அஸ்திவாரம்.

பவுனு தினமும் போன் செய்வாள். “நம்ம வூட்ல இன்னிக்கி கருவாட்டுக் கொழம்புக்கா.” “நம்ம வூட்டு மாடில கீரை போட்டுகிறோம்.” “நம்ம வூட்டுக்கு ஒருநாளு வாயேன், யாரு பாக்கப் போறாங்க?”

நம்ம வூடு. என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். நான் ஒருநாளும் போகவில்லை. ஆனால் அந்தச் சொல் என் நாக்கில் தொற்றிக்கொண்டது.

அடுத்த பிப்ரவரி. வரிக் கணக்குப் படிவத்தைப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற மாதம். புளி இறங்குகிற காலம், ரோட்டில் போகிற ஜீப்பெல்லாம் புளி மூட்டை. சந்தை நாளாகப் பார்த்து மேகலா மலைக்கு வந்திருந்தாள், பவுனும் கூட. மேகலா சாமை வாங்கச் சந்தைக்குள் போய்விட்டாள். பவுனு கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள், சட்டை போட்டிருந்தாள். அவளுக்கு அழகாக இருந்தது.

“உள்ள போய் உக்காரு பவுனு. யாராச்சும் பாப்பாங்க.”

“பாத்தா இன்னா? நான் இன்னா சாராயமா காய்ச்சறேன்?”

சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனாள். கடைக்குப் பின்னால் டீ போடுகிற இடம். நடுவே என் பழைய சேலையைக் கிழித்துக் கட்டிய திரை. ஒரு திரைக்கு எவ்வளவு கனம் இருக்கும்? மூச்சு விட்டால் அசையும்.

லைசென்ஸ் புதுப்பிக்க முருகேசன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். ஜீப் ஓட்டுகிறவன், என் ஊர்க்காரன், அண்ணனோடு சேர்ந்து குடிக்கிறவன். அவன் பின்னாலேயே குப்புசாமி சார்.

“போன வருசம் மாரியே போட்டுடும்மா” என்று காகிதங்களை மேசையில் வைத்தார்.

நானும் பழக்கதோஷத்தில், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, “நம்ம வூட்டுக்கு இந்த வருசம் போட்டுட்டீங்களா சார்?” என்றேன்.

வந்துவிட்டது.

சார் புரியாமல் பார்த்தார். “நம்ம வூடா? யாரு வூடு?”

முருகேசன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான். “இன்னாக்கா, கீழ வூடு கட்டிட்டியா? பாலு காய்ச்சறப்ப ஒரு வார்த்தை சொல்லலியே.”

“ஓ… ஆலங்காயத்துல அந்தத் திருநங்கைங்க வூடா?” சாருக்கு நினைவு வந்துவிட்டது.

“அது எப்புடிக்கா ஒன் வூடு ஆச்சி?” முருகேசன் பல்லைக் காட்டினான். “நீ எப்ப அதுல சேந்த?”

சார் அவனைக் கண்டுகொள்ளவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். “அங்க உங்களுக்கு வேண்டியவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?”

திரை அசையவில்லை. அதை நான் பார்த்தேன். அசையாத திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

“எனக்கு யாரு சார் இருக்காங்க அங்க? ஒருத்தரும் இல்ல. வாய் தவறி வந்துடிச்சி. அவங்க வூடு.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் ஒரு கோழை என்று மட்டும் என்னை நினைத்திருப்பீர்கள். ஆனால் முருகேசன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு சாயங்காலத்துக்குள் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று தெரியும். அந்த வீட்டுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அவன் கண்முன்னால் காட்டியாக வேண்டும். எதை எடுத்து வீசலாம் என்று கை தேடுகிற மாதிரி என் நாக்கு தேடியது. எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் வரி.

“அதுவுமில்லாம சார், இந்த வருசம் அது வேணாம். அந்த ரசீது செல்லாதுன்றாங்க. நாளைக்கி நோட்டீஸ் வந்தா உங்களுக்குத்தான் அலைச்சல்.”

செல்லாது… மேகலா இரண்டு கையால் நீட்டிய ரசீது. அது செல்லும். நான் சரிபார்த்திருக்கிறேன். அனுமதி எண் எனக்கு மனப்பாடம்.

“செல்லாதா? நல்லவேள சொன்னீங்க” என்றார் சார். “நம்ம ஸ்டாஃப்புகிட்டயும் சொல்லிட்றேன். பாவம், ஆளாளுக்குக் குடுத்துட்டு மாட்டிக்கப் போறாங்க.”

நல்ல மனிதர். நல்ல மனிதர் ஒருவர் கையில் கொடுத்தால் பொய் எவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. முருகேசன் சொல்லியிருந்தால் பாதிப்பேர் நம்பியிருக்கமாட்டார்கள்.

இரண்டு பேரும் போனார்கள்.

“அக்கா, போய்ட்டாங்களா? வர்லாமா?”

திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல். கோபமில்லை, அழுகையில்லை. பஸ் வந்துவிட்டதா என்று கேட்கிற குரல். வெளியே வந்தாள். டீ குடித்த டம்ளரைக் கழுவிக் கையில் வைத்திருந்தாள். மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“மேகலாக்கா வந்துடும். எங்க வூட்டுக்கு டீத்தூளு வாங்கணும். நேரமாச்சி.”

எங்க வூட்டுக்கு.

தமிழ் உங்களுக்கும் தாய்மொழிதானே? ‘நம்ம’ என்றால் கேட்கிறவளும் உள்ளே. ‘எங்க’ என்றால் கேட்கிறவள் வெளியே. ஒரு சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு சொல்லால் அவள் கதவைச் சாத்தினாள். சண்டை போட்டிருந்தால் பதில் பேசியிருப்பேன், பேச்சில் ஜெயித்தும் இருப்பேன். அவளுக்கு அது தெரியும்.

மார்ச் மாதம் மேகலா ஓடி வந்தாள். பணம் எதுவும் வரவில்லை. போன வருடம் கொடுத்தவர்களுக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை, எடுத்தவர்கள் ஏதோ முனகுகிறார்கள்.

“யாரோ கெளப்பி வுட்டுட்டாங்கக்கா, ரசீது செல்லாதுன்னு. அனுமதிக் காயிதத்த எடுத்துனு போய்க் காட்டுனேன். ஒரு சாரு அதக் கையிலகூட வாங்கலக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க.”

என்னிடமே வந்து கேட்டாள்.

அவளுக்குத் தெரியாது. பவுனு சொல்லவில்லை. திரைக்குப் பின்னால் எல்லாவற்றையும் கேட்டவள், தன்னோடு ஒரே சட்டியில் சாப்பிடுகிறவளிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. யாரை யார் காப்பாற்றியது பாருங்கள்.

“சொல்றேன் மேகலா” என்றேன்.

சொல்லவில்லை. சொன்னால் சார் கேட்பார், ‘நீங்கதானம்மா செல்லாதுன்னு சொன்னீங்க?’ என்று. ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பார். வரி விஷயத்தில் அலமேலு தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று பேர் கெட்டால் நாளைக்கு எவர் வருவார்? பிழைப்பு! இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மார்ச் முடிந்தது. அந்த வருடத்துக் கணக்கில் இனி யாரும் எதுவும் சேர்க்க முடியாது.

வாடகை நின்றதும் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அக்கம்பக்கத்தில் பேசுகிறார்களாம், வயசுப் பிள்ளைகள் இருக்கிற தெருவாம். அதே பிள்ளைகள், அதே தெரு, வாடகை வந்த மாதமெல்லாம் எங்கே போயிருந்தன? கோடை முடிவதற்குள் வீட்டைக் காலி செய்தார்கள். மாடியிலிருந்த கீரைத் தொட்டிகளை எடுத்துப்போக வண்டியில் இடமில்லை, அங்கேயே விட்டுவிட்டார்கள் என்று பவுனு சொன்னாள். அதை மட்டும்தான் சொன்னாள்.

நான் பணம் அனுப்புகிறேன் என்றேன். அழுதேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

“வேணாங்க்கா” என்றாள். “ரசீது குடுக்க முடியாது.”

நீங்கள் இப்போது என்மேல் கோபமாக இருப்பீர்கள். இருங்கள். ஆனால் என்னை மட்டும் நிற்க வைத்துப் பார்க்க நான் விடமாட்டேன்.

நீங்களும் நல்லவர். உங்களுக்கு யார்மேலும் வெறுப்பில்லை. ‘அவங்க பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்’ என்பீர்கள், பெருந்தன்மையாக. எங்கே இருந்துவிட்டுப் போவது? அதையும் சொல்லுங்கள். உங்கள் மாடி போர்ஷனிலா? கோயில் கோபுரத்துக்கு எழுதுகிறீர்கள், அன்னதானத்துக்கு எழுதுகிறீர்கள், யாரும் உங்களை ‘நீ எப்ப அதுல சேந்த?’ என்று கேட்பதில்லை. குருடர் பள்ளிக்குக் கொடுத்தால் உங்களுக்குக் கண் தெரியுமா என்று எவனாவது சோதிக்கிறானா? இதற்குக் கொடுத்தால் மட்டும் ஏன் அந்தக் கேள்வி? அந்தக் கேள்விக்குப் பயந்து கையை இழுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். கணக்குப் போடுகிறவள் நான். உங்கள் கை நீண்டதையும் பார்த்திருக்கிறேன், பாதியில் மடங்கியதையும் பார்த்திருக்கிறேன். ‘பேர் வெளிய தெரியுமாம்மா?’ என்று குனிந்து கேட்ட டீச்சரையும் தெரியும். தெரியாது என்று சொன்ன பிறகும் அவர் கொடுக்கவில்லை.

முருகேசன்மேலும் எனக்குக் கோபம்தான். அவன் சிரிப்பு ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் என் தங்கை வீட்டை விலையாகக் கொடுத்தேன். அவனுக்கு இன்று அது நினைவில்கூட இருக்காது. லைசென்ஸ் வந்துவிட்டது, வாங்கிக்கொண்டு போனான், மீதிச் சில்லறைக்கு மிட்டாய் கேட்டான். நானும் எடுத்துக் கொடுத்தேன்.

எல்லோர்மேலும் கோபப்பட்டுவிட்டேன். ஒன்றும் குறையவில்லை.

மேகலா எங்கோ தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கிறாள் என்று கேள்வி. மற்றவர்கள் திசைக்கு ஒருவராகப் போனார்கள். பவுனும் ஜோதியும் எங்கே போனார்கள் தெரியுமா?

திருப்பூருக்கு. பனியன் கம்பெனிக்கு.

கட்டிவைத்த கதை அப்படியே நடந்துவிட்டது. அங்கே ஒரு லைன் வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு பெண்கள் தனியாக என்றால் வீட்டுக்காரர் நூறு கேள்வி கேட்பார் அல்லவா? பவுனு ஜோதியைக் காட்டி, “எங்கக்கா” என்று சொல்லியிருக்கிறாளாம். அக்கம்பக்கமும் அப்படித்தான் நம்புகிறது. ஜோதிக்கு அவளைவிட வயது குறைவு. இருந்தாலும் அக்கா.

அக்கா. அது என் இடம். நான் காலி செய்துவிட்டுப் போன இடம்.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை பேசுகிறாள். குழம்பு என்ன என்று நானாகக் கேட்டால்தான் சொல்வாள். இதை எழுதட்டுமா என்று அவளைக் கேட்டேன். பின்னால் பனியன் கம்பெனி மிஷின் ஓடுகிற சத்தத்தோடு சொன்னாள்.

“ஒன் பேரப் போட்டு எழுது. என் பேரப் போடாத.”

நான் இரண்டு பேரையும் மாற்றிவிட்டேன். மற்றவர்கள் பேரையும். இதிலும் அவள் சொன்னதை நான் கேட்கவில்லை. இவன் உயிரோடு இருக்கிறான் என்று எழுதச் சொன்னாரே அந்தப் பெரியவர், அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். என் தங்கை இருக்கிறாள் என்று எழுதும்போது மட்டும் வேறு பேர் வைக்கிறேன்.

ஜூலையில் குப்புசாமி சார் வந்தார். கணக்கை இறுதியாகப் போட்டு அனுப்புகிற மாதம். மழைத் தூறல், கடையில் வேறு யாரும் இல்லை. எல்லாம் முடித்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

“அன்னிக்கி ஒண்ணு கேட்டேனே, அதச் சொல்லணும்னு இருந்தேம்மா. அந்த வூட்ல உங்களுக்கு வேண்டியவங்க யாராச்சும் இருந்தா, ரசீது கணக்கெல்லாம் பாக்காம சும்மாவே குடுத்துட்டுப் போறேன்னுதான் கேட்டேன். நீங்க ஒருத்தரும் இல்லன்னுட்டீங்க. அப்புறம் நானும் வுட்டுட்டேன்.”

நான் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நின்றுபோய் வெகு நேரமாகியிருந்தது.

இப்போது சொல், அலமேலு. யாரும் இல்லை, முருகேசன் இல்லை, திரைக்குப் பின்னாலும் ஒருவரும் இல்லை. நல்ல மனிதர் ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார். சொல்…

“ஆமா, உங்க தங்கச்சி ஒண்ணு திருப்பூர்ல இருக்குதுன்னு சொல்லுவீங்களே” என்றார், குடையை விரித்தபடி. “நல்லா இருக்குதா?”

“இருக்கா சார்” என்றேன். “திருப்பூர்லதான் இருக்கா.”

அவரிடம் அதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது உண்மையாக இருந்தது.